எருமைக்கு என்ன நிறம்

கலரக்காவிடம் வந்து ஒரு பொருள் நீலம் என்று யாராவது சொன்னால் அவள் உடனே ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. "எந்த நீலம்?" என்பாள். "பச்சைப் பக்கம் சாயுற நீலமா, சிவப்புப் பக்கம் சாயுறதா?" சொன்னவர் முழித்தால், "சரி, பொருளைக் கொண்டாங்க. உங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்?" என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

தெருவில் பாதிப் பேருக்கு அவள் கலரக்கா, மீதிப் பேருக்குத் தகரக்காரர் வீட்டம்மா. தெரு திரும்புகிற இடத்தில், டயர் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே அவர்களுடைய வண்டிப் பட்டறை. நசுங்கிய கதவு, துருப்பிடித்த தரை, முட்டி மோதிய மூக்கு எல்லாவற்றையும் அவள் கணவர் தட்டிக்கொட்டி நேராக்குவார். நேரானதற்கு நிறம் கொடுப்பது அவள். கூரையில் ஒரு மூலைக்கு மட்டும் வெளிச்சம் விடுகிற ஷீட் போட்டிருந்தார்கள். அதற்காக அவள் கணவரோடு ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். "டியூப் லைட்டுல பார்த்துக் கலர் முடிவு பண்றதும், போட்டோவைப் பார்த்துச் செருப்பு வாங்குறதும் ஒண்ணுதான்" என்பது அவள் கட்சி. ஷீட் ஒழுகும்போதெல்லாம் அவர், "உன் வெளிச்சம் சொட்டுது பாரு" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தாள். துணியைக் கொண்டுவந்து நீட்டினால் அதற்குப் பொருத்தமான நூலை எடுத்துக் கொடுக்க வேண்டும். சுவர் முழுக்க நூல்கண்டு. சிவப்பிலேயே ஒரு அலமாரி. அங்கேதான் அவள் கண் பழகியது. கல்யாணமான புதிதில் ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஒரு கார்க்காரர் கதவைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். புதிதாக அடித்த இடம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரிந்தது. அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுல மஞ்சள் தூக்கலா இருக்குங்க. ஒரு சொட்டுக் கருநீலம் விட்டுப் பாருங்களேன்" என்றாள். விட்டுப் பார்த்தார்கள். கார்க்காரர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம், அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கலந்த பெயிண்டில் ஒரு பொட்டு எடுத்து, பழைய நிறம் கெடாமல் இருக்கிற இடத்தில் வைப்பாள். அது காய்கிற வரைக்கும் யாரையும் கிட்டே விடமாட்டாள், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால். காய்ந்ததும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "பொட்டைக் கண்டுபிடிங்க" என்பாள். கண்டுபிடித்தால் கலவை தப்பு. தேடித் தேடிக் களைத்துப்போய், "எங்கேக்கா வெச்சீங்க?" என்று கேட்டால் பாஸ். நிறத்தைப் படித்துச் சொல்கிற கருவி ஒன்றும் பிற்பாடு வாங்கினாள். கையடக்கமாக இருக்கும், தகரத்தின் மேல் வைத்து அழுத்தினால் எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அதற்கு அவள் வைத்த பெயர் தங்கச்சி. "நானும் தங்கச்சியும் ஒண்ணு சொல்லிட்டா அதுக்கு மேல கோர்ட்டு கிடையாது."

மனிதர்களின் ஞாபகத்தை மட்டும் அவள் நம்புவதில்லை. "மனசுல இருக்கிற கலர் தினமும் கொஞ்சம் மாறும். தகரத்துல இருக்கிறதுதான் அப்படியே நிக்கும்" என்பாள். ஒருமுறை அவள் நாத்தனார், பழைய வீட்டு கேட் எப்போதுமே காப்பிக்கலர்தான் என்று சாதித்தார். இவள் விருந்துக்குப் போன இடத்தில் கைப்பையிலிருந்து வாட்டர் பேப்பரை எடுத்து கேட்டைத் தேய்த்து, அடியிலிருந்த நீலத்தைக் காட்டிவிட்டு வந்தாள். நாத்தனார் அதற்குப் பிறகு வெகுநாள் பேசவில்லை. "கேட்டைத் தேய்ச்சே, சரி. சொந்தத்தையும் சேர்த்துத் தேய்ச்சுட்டியே" என்றார் கணவர்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த எருமை வந்து சேர்ந்தது.

இழுவை வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய காட்டுவண்டி. பெட்டி மாதிரி உடம்பு, உருண்டை விளக்கு, முன்பக்கம் கயிறு சுற்றும் உருளை. மேலே மங்கிய அரக்கு நிறம், அது உரிந்த இடத்தில் வெள்ளை. கூடவே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், ஊரில் எல்லாருக்கும் டாக்டரம்மா. மற்றவர் அவருடைய ஒரே மகன். வெளிநாட்டில் வேலை, நீண்ட விடுப்பில் வந்திருந்தார்.

"அம்மா இந்த வண்டியிலதான் முப்பது வருஷம் மலைப்பண்ணைக்கெல்லாம் போனாங்க" என்றார் மகன். "கம்பெனியிலேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியே ஆக்கித் தரணும். கலர் ரொம்ப முக்கியம்க்கா. நான் நெட்ல எல்லாம் தேடிப் பார்த்துட்டேன். அந்த வருஷத்து வண்டி பெரும்பாலும் பச்சைதான்."

"பச்சை இல்லைடா" என்றார் டாக்டரம்மா, வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டே. "நீலம் கலந்த சாம்பல். எருமைக்கன்னு குளத்துல கிடந்துட்டு வெளிய வந்து நிக்கும் பாரு, தண்ணி வடியறப்ப ஒரு நிறம் இருக்குமே, அது. அதனாலதானே எருமைன்னு பேரு வெச்சோம்."

"அது மெதுவாப் போறதுக்காக வெச்ச பேரும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பொறக்கும்போதே வண்டி வெள்ளையாயிடுச்சு. வண்டி எடுக்கப் போனப்ப ரெண்டு நின்னுச்சு. உங்கப்பா பச்சையைத்தான் எடுக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. நான் சொன்னேன், நான் போற இடமெல்லாம் புல்லு, பச்சையை அதுல நிறுத்திட்டுப் போனா திரும்பி வந்து எங்க தேடறது?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கலரக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. "நீங்க சொல்றது இருக்கட்டும் டாக்டரம்மா. மாடு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

"என் தொழிலை எனக்கே சொல்றியா? பாரு, பாரு."

மாட்டைச் சோதிப்பது லேசான வேலையாக இல்லை. வெளி உடம்பில் எங்கே தேய்த்தாலும் அரக்கு, அடுத்து வெள்ளை, அதற்கடியில் சாம்பல் பிரைமர், அதோடு தகரம் வந்துவிட்டது. அந்தச் சாம்பலைக் கண்டதும் மகன், "அக்கா, அம்மா சொன்ன சாம்பல் இதுவா?" என்று குனிந்தார். "இது பிரைமர் தம்பி. வெள்ளை அடிச்சவன் போட்ட அடிப்பூச்சு. இதைக் கம்பெனிக் கலர்னு நம்பி மோசம் போனவங்க நிறையப் பேரு." வெள்ளை அடித்தவன் முதலில் இருந்த நிறத்தைத் தகரம் தெரியச் சுரண்டி எடுத்திருந்தான். அவன் கை படாத இடம்தான் வேண்டும். கண்ணாடியின் ரப்பரைக் கழற்றினாள், துரு. கதவுக் கீலின் உள்பக்கம் பார்த்தாள், கிரீஸ் தின்றுவிட்டிருந்தது. கடைசியில் டிரைவர் சீட்டுக்கு அடியில், சாமான் வைக்கிற பெட்டியின் மூடி கிடைத்தது. அதன் உள்பக்கத்தை வெயிலும் பார்த்ததில்லை, மழையும் பார்த்ததில்லை. மெருகேற்றுகிற காம்பவுண்ட் போட்டுத் துடைத்ததும் பளபளவென்று ஒரு நிறம் எழுந்து வந்தது.

பச்சை. சாம்பல் ஓடிய, மெல்லிய பச்சை.

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரப் பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். அதுவும் அதே பச்சை. தங்கச்சியை வைத்து அழுத்தினாள், அவளும் பச்சை என்றாள். கலந்து மூடியில் பொட்டு வைத்து, காயவிட்டு, மகனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பொட்டு கிடைக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவர் சந்தோஷப்படவில்லை. டாக்டரம்மா அன்று வந்திருக்கவில்லை. வந்திருந்தால் மகன் இதையெல்லாம் பேசியிருக்கமாட்டார்.

"நிச்சயம்தானேக்கா? சந்தேகமே இல்லையே?"

"நானும் சொல்றேன், கருவியும் சொல்லுது. ஏன் தம்பி?"

"அம்மா அவ்வளவு அடிச்சுச் சொன்னாங்களே. நிறம், நின்ன இடம், அப்பா சொன்னதுன்னு எல்லாமே." அவர் மூடியைக் கீழே வைத்தார். "இப்பல்லாம் இப்படித்தான்க்கா. அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடறாங்க. என்னை அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. அங்க உக்காந்துக்கிட்டு ஃபோன் பண்ணுவேன், எடுக்கலைன்னா எனக்கு மூச்சே முட்டிப்போயிடும். தனியா இருக்காங்க. அதுல காரு வேற ஓட்டறாங்க. இந்தத் தடவை என்னோட கூட்டிட்டுப் போயிடலாமான்னு ஒரு யோசனை. அவங்க வரமாட்டேங்கறாங்க. தெளிவா இருக்கறவங்களை எப்படிக் கட்டாயப்படுத்தறது? தெளிவு போயிடுச்சுன்னா வேற வழியில்லை. எதுன்னு தெரியாமத்தான் தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

கலரக்காவுக்கு என்னவோ போலிருந்தது. நிறம் கேட்க வந்தவரிடம் நிறத்தைச் சொன்னோம், அதை அவர் வேறெதற்கோ எடுத்துக்கொண்டு போகிறாரே என்று பட்டது. "வயசானவங்க ஞாபகம் முன்னே பின்னே இருக்கும் தம்பி. அதுக்காக..." என்று இழுத்தாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை நடந்தது. கணவர் துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தார், பெட்டிக்கும் புது மூடி செய்தார். அவள் பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பச்சை அடித்தாள். உள்ளபடியே அழகாக வந்தது. டயர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மாலை போட்டுக் குதிரையில ஏத்தலாம்போல இருக்கே" என்றார்.

வண்டியை எடுக்கும் நாளில் மகன் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். அவர் பட்டறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மகனிடம் திரும்பி, "நம்ம வண்டி எங்கடா? இது யாரோடது?" என்றார்.

மகனுடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுதாம்மா நம்ம வண்டி."

"நம்மது பச்சை இல்லையே."

"தகரத்துல இருந்தது இதுதான் டாக்டரம்மா" என்றாள் கலரக்கா. சொல்லும்போது குரல் கொஞ்சம் கெஞ்சலாகவே வந்தது. "சீட்டுக்கு அடியில பார்த்தேன், டேஷ்போர்டுக்குப் பின்னால பார்த்தேன். ரெண்டுலயும் இதேதான்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். நோய் என்னவென்று தெரிந்தும் மாட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற பார்வை அது. அப்புறம் மெல்ல மகனைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. சாவியை வாங்க அவர் கையை நீட்டியபோது மகன் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "நான் ஓட்டறேம்மா" என்றார். அம்மா பக்கத்து சீட்டில் ஏறி, ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

சில நாளில் சேதி வந்தது. மகனுடைய விடுப்பு முடிந்ததும் வீட்டைப் பூட்டப்போகிறார்கள். டாக்டரம்மா மகனோடு போகிறார். பச்சை வண்டிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்மா சம்மதிச்சுட்டாங்களாம்" என்றார் கணவர்.

"எப்படி?"

"எப்படின்னா? நீதானே சொன்னே, ஞாபகம் பொய்யின்னு."

"நான் வண்டியைப் பத்திச் சொன்னேன்."

"அவங்களும் வண்டியைப் பத்தித்தானே சொன்னாங்க" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பெட்டியின் பழைய மூடி பட்டறையிலேயே தங்கிவிட்டது. அதை அவள் வெளிச்ச ஷீட்டுக்கு நேர் கீழே ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். புதிதாக வருகிறவர்களிடம், "பொட்டைக் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்பாள். அது ஒரு பெருமை. வந்தவர்களெல்லாம் தோற்றுப் போனார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கே அலுத்துப்போய், மூடி அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் லாரிக் கதவு மாற்ற வந்த டிரைவர் ஒருத்தர், கேட்காமலேயே விரலை நீட்டினார். "இதென்னக்கா, நடுவுல ஒரு கறை?"

"எங்க?"

"இதோ."

விரல் பொட்டின் மேலேயே இருந்தது.

முதலில் கணவரைச் சந்தேகப்பட்டாள். "மூடியில தின்னர் கொட்டினீங்களா?" "நான் ஏன் கொட்டறேன், அதென்ன எனக்குப் பங்காளியா?" பிறகு தன் கலவையைச் சந்தேகப்பட்டாள். பொட்டுதான் வெயிலில் மாறிவிட்டதோ? மிச்சம் இருந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்து கலக்கி, ஒரு அட்டையில் தடவிக் காயவைத்து, மூடியின் பக்கத்தில் பிடித்தாள். டப்பாவும் பொட்டும் ஒரே பச்சை. பொட்டு மாறவில்லை, மூடிதான் மாறியிருந்தது. பொட்டைச் சுற்றி இருந்தது இப்போது பச்சை இல்லை. நீலம் ஓடிய சாம்பல். தண்ணீர் வடிய வடிய நிற்கிற கன்று.

கலரக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளை எனாமல் இருட்டில் மஞ்சளித்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? காலண்டரைக் கழற்றினால் கதவில் சதுரமாக மஞ்சள் தெரியும், பீரோவை நகர்த்தினால் பின்னால் இருக்கிற ஜன்னல் சட்டம் பழுப்பாக இருக்கும். அது பெயிண்டில் இருக்கிற எண்ணெயின் குணம். வெளிச்சம் பட்டால் தெளியும், படாவிட்டால் மஞ்சளாகும். வெள்ளைக்கு மட்டும்தானா அந்த எண்ணெய்? நீலச் சாம்பலிலும் அதே எண்ணெய்தானே. நீலத்துக்குள் மஞ்சள் ஊறினால் என்ன ஆகும் என்று நூல் கடையில் நிற்கிற சின்னப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். வெயில் படாத இடம்தான் சத்தியம் என்று தேடித் தேடிப் போனாளே, அந்த இருட்டே பொய் சொல்லியிருந்தது. அவளும் தங்கச்சியும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை வண்டிக்கு யாராவது எருமை என்று பெயர் வைப்பார்களா என்றுகூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கையில் இருக்கிறதை வைத்துக்கொண்டு உடனே ஓடிவிடலாம் என்றுதான் கால் பரபரத்தது. ஆனால் ஏற்கனவே ஒருமுறை நிச்சயம் என்று சொன்ன வாய் அது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பட்டையைத் தேடி எடுத்தாள். பட்டறையின் பழைய சாமான் பெட்டியில், துணிக்குள் கிடந்தது, இன்னும் பச்சையாகவே. பாதியைக் கறுப்பு டேப் சுற்றி மறைத்து, ஏணி போட்டுக் கூரையில் ஏறி வெயிலில் வைத்தாள். மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்களைக் கழித்தாள். அவர்கள் கிளம்புவதற்குள் தெளிய வேண்டுமே என்று இன்னொரு பயம்.

"போய்ச் சொல்லத்தான் போறியா?" என்றார் கணவர்.

"சொல்லாம?"

"அப்புறம் வர்றவன் போறவன்லாம் உன் கலரைச் சந்தேகப்படுவான்."

"படட்டும்."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பார்த்து இறங்கு. பச்சையா விழுந்து நீலமா எழுந்திரிக்கப் போறே."

டேப்பைப் பிரித்தபோது பட்டையின் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் எருமை.

டாக்டரம்மா வீட்டில் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். எனாமல் அடித்த சுவரில் படங்கள் கழற்றிய இடமெல்லாம் பழுப்புச் சதுரங்கள். கலரக்காவுக்கு அவற்றைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய மருந்துப்பையின் வாரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மகன் எதையோ ஒட்டுவதற்கு டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா கலரு. டீ குடிக்கறியா? பாத்திரத்தையெல்லாம் இவன் கட்டிட்டான்."

கலரக்கா டீ கேட்கவில்லை. மூடியையும் பட்டையையும் மேசை மேல் வைத்தாள். "நான் சொன்னது தப்பு டாக்டரம்மா. நீங்க சொன்னதுதான் சரி."

எண்ணெய், இருட்டு, மஞ்சள், வெயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மகன் பட்டையை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கோட்டை விரலால் தடவிப் பார்த்தார், அங்கே மேடு பள்ளம் இருக்கும் என்பது போல.

டாக்டரம்மா அதைத் தொடவேயில்லை. நீலச் சாம்பல் பாதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை இன்னைக்கு வந்தே" என்றார். "பச்சைதான், பச்சைதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். பிள்ளை சொல்றான், தகரம் சொல்லுது, கருவி சொல்லுது. நான் மட்டும் இல்லைங்கறேன்னா எனக்குத்தானே ஏதோ ஆயிடுச்சு? சொல்லச் சொல்ல, அன்னைக்குக் கடையில நின்ன வண்டிகூட மனசுல பச்சையா மாற ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, நீ இதைக் காட்டினாலும் நம்பியிருக்கமாட்டேன்."

மகன் டேப்பைக் கீழே வைத்தார். "அதனாலயாம்மா வர்றேன்னு சொன்னே?"

"வேற எதனால? புத்தி கெட்டுப்போனவளை நம்பி வீட்டை எப்படி விடறது?"

மகன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார், அது உள்ளே நசுங்கியது. எழுந்து வேறொன்றின் மேல் உட்கார்ந்தார். பிறகு கலரக்காவைப் பார்த்து, "ஆனா அடுப்பு? பால்? என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டது? ஒரு கலர் சரியாயிட்டா அதெல்லாம் இல்லைன்னு ஆயிடுமாக்கா?" என்றார். கோபமாக இல்லை. யாராவது ஆமாம் என்று சொல்லமாட்டார்களா என்று கேட்பது போல இருந்தது.

"அது எனக்குத் தெரியாது தம்பி. நான் கலருக்கு மட்டும்தான் வந்தேன். கலர்ல மட்டும்தான் தப்புப் பண்ணினேன்." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா நீங்க அந்தத் தப்பு மேலயும் ஒரு கோட்டிங் அடிச்சுட்டீங்க."

"அடுப்பை நான் கல்யாணமான புதுசுலயே மறப்பேன்டா" என்றார் டாக்டரம்மா. "உங்கப்பாவைக் கேட்டா சொல்லுவாரு. அவர் இல்லை. உன்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னா, நீ அவரை மாதிரியே வாசப்படியில நின்னு செருப்பைத் தேடினே. டாக்டர்கிட்ட வேணும்னா வர்றேன். அவர் என்ன சொல்றாரோ அதைக் கேட்கிறேன். நீ பயந்தேங்கிறதுக்காக மட்டும் என்னை மூட்டை கட்டாதே."

மகன் சிரித்தாரா அழுதாரா என்று சரியாகத் தெரியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலரக்கா வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு பெட்டியின் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. டீப் பாத்திரம் எந்தப் பெட்டியில் என்று அம்மாவும் பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெட்டி என்று அம்மாதான் சரியாகச் சொன்னார்.

மகன் தனியாகக் கிளம்புவதாக முடிவாயிற்று. அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று கலரக்கா கேட்கவில்லை, மறுபடி சீக்கிரமே வந்து பார்ப்பதாக மகன் சொன்னதோடு சரி. கிளம்புவதற்கு முந்தின நாள் பச்சை எருமை பட்டறைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் டாக்டரம்மா. பக்கத்து சீட்டில் மகன், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் போன்னு வழி பூரா உயிரை வாங்கிட்டான்" என்றார் டாக்டரம்மா இறங்கியபடி. "எங்க, தோலைக் காட்டு."

புதுக் கலவை தயாராக இருந்தது. பட்டையின் தெளிந்த பாதியில் பொட்டு வைத்துக் காயவைத்திருந்தாள். மகனிடம் நீட்டினாள். அவர் தேடினார், தேடினார், கையை விரித்தார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். கலரக்கா பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டவள், என்ன நினைத்தாளோ, டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

"என்னையா கேட்கறே? தங்கச்சியைக் கேட்டியா?"

"கேட்டேன். இப்ப உங்களைக் கேட்கிறேன்."

டாக்டரம்மா பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். விரல் நேராக ஒரு இடத்தில் போய் நின்றது. "இதோ. ஒரு இழை வெளுப்பு."

கலரக்கா குனிந்து பார்த்தாள். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தால், ஆமாம், ஒரு இழை. பேசாமல் போய் டப்பாவில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் கலக்கினாள். வேறொரு இடத்தில் பொட்டு வைத்தாள். மூன்று பேரும் ஸ்டூல், டயர், வாசற்படி என்று ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து அது காய்வதற்காகக் காத்திருந்தார்கள்.

காய்ந்ததும் டாக்டரம்மா மறுபடி பட்டையை எடுத்தார். சாய்த்தார், திருப்பினார், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "காணோமே" என்றார்.

"கொடும்மா, நான் பார்க்கறேன்" என்று மகன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீயா? முதல்ல கண்ணாடியைத் துடை."

இரண்டு தலைகளும் அந்தச் சின்னத் தகரத்தின் மேல் கவிந்து தேடிக்கொண்டிருந்தன. "எங்கம்மா வெச்சே?" என்று டாக்டரம்மா நிமிராமலேயே கேட்டார். கலரக்கா சொல்லவில்லை. ஸ்ப்ரே கன்னை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.